அதட்டலும் தழுதழுப்பும்: ஜி. மாரிமுத்து நடித்த தகப்பன்கள்

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, சென்னையில் ‘எதிர்நீச்சல்’ தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஜி. மாரிமுத்துவுக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. தேனி மாவட்டம் வருசநாட்டை அடுத்த பசுமலைத்தேரியில், பிறந்த ஊரிலேயே இறுதிச் சடங்கு நடந்தது. அவர் நடித்த ‘ஜெயிலர்’ திரைக்கு வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. செய்திகள் பெரும்பாலும் அவரை ‘எதிர்நீச்சல் குணசேகரன்’ என்றே குறிப்பிட்டன. வீட்டில் தொடர் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் போதும். ஆனால் சென்னையில் அவர் கழித்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் குணசேகரனாக இருந்தது ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள்தான். மீதிக் காலம் முழுவதும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பார்த்தால்தான் அந்தப் பத்தொன்பது மாதங்கள் புரியும்.

என் வாதம் இது. தென்மாவட்டக் குடும்பத் தலைவனின் அதிகாரத்தைத் தமிழ்த் திரை எத்தனையோ முறை காட்டியிருக்கிறது. அந்த அதிகாரத்துக்குள் இருக்கும் பயத்தையும் சேர்த்துக் காட்டியவர்கள் குறைவு. மாரிமுத்து அதைக் காட்டினார். அது அவருக்குப் பிறந்த மண்ணின் பேச்சிலிருந்தும், பிறர் படங்களில் உதவி இயக்குநராக உழைத்த நெடுங்காலத்திலிருந்தும் கிடைத்தது.

முதலில் மண். தேனி மாவட்டத்தை வெளியூர்க்காரர்கள் ஒரே பச்சையாக நினைத்துக்கொள்கிறார்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்தபின் கூடலூர் தொடங்கிச் சின்னமனூர் வரை இருபோகம் விளைந்த கம்பம் பள்ளத்தாக்கின் படம்தான் அவர்கள் மனத்தில் இருக்கும்: நெல், திராட்சை, தென்னை. மேகமலைக்குக் கிழக்கே இன்னொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பெரியாற்றுத் தண்ணீர் எட்டாது. வைகை பிறக்கிற மலையடிவாரம் அதுதான். ஆனாலும் மூல வைகை மழையை நம்பி ஓடுகிற ஆறு. கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு என்று தொடரும் அந்த ஊர்களில் இலவம் பஞ்சும் மானாவாரிப் பயிரும் கிணற்றுப் பாசனமும்தான் பிழைப்பு. பசுமலைத்தேரி அந்தப் பக்கத்து ஊர்.

திரையுலகத்தோடு இந்த மாவட்டத்துக்குள்ள உறவு நெடியது. அல்லிநகரத்துப் பாரதிராஜா, பண்ணைப்புரத்து இளையராஜாவும் கங்கை அமரனும், வைகை அணையில் சொந்த ஊர் மூழ்கி வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து, கஸ்தூரிராஜா என்று இங்கிருந்து கோடம்பாக்கம் போனவர்களின் வரிசை பெரிது. எதிர்த் திசையிலும் போக்குவரத்து இருந்தது. 1962இல் தேனித் தொகுதி எஸ்.எஸ். ராஜேந்திரனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1980இல் ஆண்டிபட்டி அவரையே அனுப்பியது. 1984இல் எம்.ஜி.ஆர். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். 2002இலும் 2006இலும் ஜெயலலிதா அங்கே வென்றார். வருசநாட்டு ஊர்களும் அந்த ஆண்டிபட்டித் தொகுதிக்குள்தான் வருகின்றன. நடிகர்களுக்கு மாறி மாறி ஓட்டுப் போட்ட அந்த மலையடிவாரத்தில், ஊர்க்காரர் ஒருவர் நடிகரென்று தமிழகம் முழுக்கப் பெயர் வாங்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1990இல் மாரிமுத்து வீட்டைவிட்டுக் கிளம்பிச் சென்னைக்கு வந்தார். இயக்குநராக வேண்டும் என்பது கனவு. ஓட்டலில் பரிமாறுகிற வேலை கிடைத்தது. இலக்கிய ஈடுபாடு வழியாக வைரமுத்துவின் பழக்கம் வந்தது. பிறகு ராஜ்கிரணிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்து ‘அரண்மனைக்கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) படங்களில் வேலை பார்த்தார். இரண்டுக்கும் இசை இளையராஜா. ராஜ்கிரணைக் கதாநாயகனாக நிறுத்திய ‘என் ராசாவின் மனசிலே’ (1991) கஸ்தூரிராஜா இயக்கியது. சொந்த ஊரைவிட்டு ஓடிவந்தவர் சென்னையிலும் தம் மாவட்டத்து மனிதர்களின் வட்டத்துக்குள்ளேயே கால் ஊன்றியிருக்கிறார். அதன் பின் மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யா ஆகியோரின் படங்களில் பணி. ‘வாலி’யில் (1999) ஒரு சிறு வேடமும் உண்டு. சிலம்பரசனின் ‘மன்மதன்’ (2004) குழுவிலும் அவர் இருந்தார்.

இந்த நெடும் பட்டியலைப் ‘போராட்டக் காலம்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவது பத்திரிகை வழக்கம். எனக்கு அது போதவில்லை. தமிழ்ப் படப்பிடிப்பில் உதவி இயக்குநரின் வேலை என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கிளாப் அடிப்பது, கன்டினியூட்டி குறிப்பது, சீன் பேப்பரைப் படியெடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக ப்ராம்ப்டிங். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று நடிகருக்கு வசனத்தை எடுத்துக் கொடுக்கிறவன், ஒரே வரியை ஒரு நாளில் பல ஏற்ற இறக்கங்களில் சொல்லிப் பார்த்திருப்பான். எந்தச் சொல்லில் மூச்சு விட்டால் வரி உயிர்பெறும், எங்கே விட்டால் செத்துப்போகும் என்பது அவன் காதுக்குத் தெரிந்துவிடும். நடிகர் வரத் தாமதமானால் அவர் இடத்தில் நின்று ஒளியமைப்புக்கு உதவுகிறவனும் அவன்தான். நடிப்புப் பள்ளி எதுவும் தராத பயிற்சி இது. பிற்காலத்தில் பத்து நிமிடக் காட்சியை ஒற்றை ஆளாகப் பேசியே நகர்த்துகிற வல்லமை மாரிமுத்துவுக்கு வந்தது என்றால், அதன் வேர் இங்கேதான் இருக்க வேண்டும்.

ஊரைவிட்டு வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2008இல், அவருடைய முதல் படம் ‘கண்ணும் கண்ணும்’ வெளியானது. பிரசன்னாவும் உதயதாராவும் நடித்தது. நாதியில்லாத ஓர் இளைஞன் ஒரு குடும்பத்துக்குள் பிள்ளைபோலச் சேர்கிறான்; அந்தச் சேர்க்கையே அவன் காதலுக்குத் தடையாகிறது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். படத்தின் பெயர் இன்று பலருக்கு நினைவில்லை. ஆனால் அதற்குள் இருந்த வடிவேலுவின் நகைச்சுவைப் பகுதி தெரியாத தமிழர் இல்லை. கிணற்றைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் ஒருவர் புகார் கொடுக்கிற பகுதி அது. ரசீது இருக்கிறது, கிணறுதான் இல்லை. ஒரு கிணறு வெட்டுவதில் ஒரு தலைமுறையின் சேமிப்பே போய்விடுகிற பூமியிலிருந்து வந்தவர் அந்தப் படத்தின் இயக்குநர். காகிதத்தில் மட்டும் வெட்டப்பட்ட கிணறு என்பது அங்கே வெறும் சிரிப்புச் செய்தியாக இருக்க முடியாது. இன்று அரசுத் திட்டம் எதிலாவது முறைகேடு என்று செய்தி வந்தால் மக்கள் உடனே அந்தக் கிணற்றைத்தான் நினைவுகூர்கிறார்கள்.

இரண்டாவது படம் ‘புலிவால்’ 2014இல் வந்தது. ‘சாப்பா குரிசு’ என்ற மலையாளப் படத்தின் மறுஆக்கம். பணக்காரன் தொலைத்த செல்போன் ஒரு பல்பொருள் அங்காடி ஊழியனின் கையில் சிக்குவது கதை. அது அவருடைய படமாக ஆகவில்லை என்றே நினைக்கிறேன். அவருக்கு இயல்பாக வருகிற குடும்பமும் பேச்சும் அதில் குறைவு. அதற்குப் பிறகு அவர் படம் இயக்கவில்லை.

இதற்குள் நடிப்பு அவரைத் தேடி வந்திருந்தது. 2011இல் மிஷ்கினின் ‘யுத்தம் செய்’ படத்தில் கறைபடிந்த காவல் அதிகாரி. 2012இல் லட்சுமி ராமகிருஷ்ணனின் ‘ஆரோகணம்’. பிறகு ‘நிமிர்ந்து நில்’, ‘கொம்பன்’, ‘மருது’, ‘கடைக்குட்டி சிங்கம்’ என்று ஆண்டுக்குச் சில படங்கள். போலீஸ்காரர், ஊர்ப் பெரியவர், மாமன், வில்லனின் ஆள். மணிவண்ணன், மனோபாலா, ஈ. ராமதாஸ், டி.பி. கஜேந்திரன் என்று இயக்கிவிட்டு நடிக்க வந்தவர்களின் வரிசை ஒன்று தமிழில் உண்டு. இரண்டு காட்சிகள் கிடைத்தாலும் அந்த ஆளுக்கு ஒரு முன்கதை இருப்பதாக நம்பவைத்துவிடுவார்கள். 2023ஆம் ஆண்டு இந்த வரிசையைக் கடுமையாகத் தாக்கியது: ஜனவரியில் ராமதாஸ், பிப்ரவரியில் கஜேந்திரன், மே மாதம் மனோபாலா, செப்டம்பரில் மாரிமுத்து.

இந்தச் சிறு வேடங்களுக்கு நடுவே ஒரு பெரிய வேடம் வந்தது. 2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’. அதில் கதாநாயகி ஜோவின் தகப்பன். மகள் நேசிக்கிற தலித் மாணவன் பரியனைத் திருமண மண்டபத்தின் தனி அறைக்கு அழைத்துப் பக்குவமாகப் பேசத் தொடங்குகிறார். உறவுக்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து அந்தப் பையனை அடித்து, மேலே சிறுநீர் கழித்து அவமானப்படுத்துகிறார்கள். அவர்கள் போன பிறகு தகப்பன் கெஞ்சுகிறார். உன்னோடு சேர்த்து என் மகளையும் இவர்கள் கொன்றுவிடுவார்கள் என்கிற கெஞ்சல்.

இந்தக் காட்சியைப் பல நடிகர்கள் ‘நல்ல மனிதர், கெட்ட சுற்றம்’ என்று நடித்திருப்பார்கள். மாரிமுத்து அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அழுகையில் இரக்கம் இருக்கிறது. அந்த இரக்கம் எதையும் தடுக்கவில்லை என்பதும் இருக்கிறது. தன் வீட்டு விசேஷத்துக்குத் தானே அழைத்த ஆட்களைத் தட்டிக் கேட்கத் திராணியில்லாத குடும்பத் தலைவன் அவர். சாதி தனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அதைவிட்டு எழுந்தால் தன் நிலை என்ன என்பதும் அவருக்குத் தெரியும். படத்தின் முடிவில் மகளோடு வந்து பரியனைப் பார்க்கும்போது, எதிர்காலத்தில் எதுவும் மாறலாம் என்கிற பொருளில் தயங்கித் தயங்கிப் பேசுகிறார். அந்தத் தயக்கத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மன்னிப்பா, சமாளிப்பா என்று அவர் முகம் நமக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. மேசையில் கறுப்புத் தேநீர் இருந்த குவளையும் பால் தேநீர் இருந்த குவளையும் பக்கம் பக்கமாக நிற்கிற அந்தப் புகழ்பெற்ற இறுதிக் காட்சி, அந்தத் தீர்ப்பில்லாத முகம் முன்னால் இருந்ததால்தான் எடுபடுகிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், சன் தொலைக்காட்சியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியது. ‘கோலங்கள்’ (2003–2009) தொடரை இயக்கிய திருச்செல்வம் இயக்கியது. மதுரையில் ஒரு கூட்டுக் குடும்பம். நான்கு அண்ணன் தம்பிகள். படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுக்களைக்குள் வைத்திருக்கிறார்கள். மூத்தவர் ஆதி குணசேகரன். தான் படிக்காதவர்; மருமகள்களின் படிப்பு அவருக்கு ஊரில் சொல்லிக்கொள்கிற பெருமை, வீட்டுக்குள் அதுவே அவருடைய பயம்.

குணசேகரன் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார். பெரும்பாலும் அவ்வளவுதான். கையை ஓங்குகிற வேலையைத் தம்பி கதிர் செய்வான். மூத்தவரின் ஆயுதம் நாக்கு. “இந்தாம்மா ஏய்” என்ற அவருடைய விளி ஊரெங்கும் பரவி, குழந்தைகள்கூடச் சொல்லிக் காட்டினார்கள். அதன் வலு அது சொல்லப்பட்ட விதத்தில் இருந்தது. ‘அம்மா’ என்று மரியாதையாகத் தொடங்கி, அதே மூச்சில் ‘ஏய்’ என்று இறக்கிவிடுவார். கேட்கிற பெண் எந்தச் சொல்லுக்குப் பதில் சொல்வாள்? கோபித்துக்கொண்டால் மரியாதையாகத்தானே கூப்பிட்டேன் என்பார். பணிந்துபோனால் அதட்டல் ஜெயித்தது. நம் வீடுகளில் பெண்களை வாயடைக்கச் செய்கிற முறை இதுதான் என்பதைத் தென்மாவட்டக் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த யாரும் உடனே உணர்வார்கள்.

இன்னொரு நுட்பம், தன்னிரக்கம். அதட்டி முடித்ததும் குரல் தழுதழுக்கும். இந்தக் குடும்பத்துக்காக எவ்வளவு பாடுபட்டேன், யாருக்கும் நன்றியில்லை என்று மூக்கை உறிஞ்சுவார். தம்பிகள் கலங்கிப்போய் மனைவிகள் மேல் பாய்வார்கள். குடும்பச் சொத்தில் அப்பத்தாவுக்குள்ள நாற்பது சதவீதப் பங்கு என்ற பிடி தன் கையில் இல்லை என்று தெரிந்த பிறகு இந்தத் தழுதழுப்பு இன்னும் கூடியது. தங்கை ஆதிரைக்கு விருப்பமில்லாத கல்யாணத்தை நடத்தி முடிக்கிற பகுதியில், 2023இன் நடுவில், அதட்டலும் அழுகையும் சிரிப்பும் ஒரே காட்சிக்குள் மாறி மாறி வந்தன. ‘பரியேறும் பெருமாள்’ தகப்பனை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் இருவரும் ஒரே மனிதரின் இரண்டு நிலைகள் என்று தோன்றும். அங்கே சுற்றத்துக்குப் பயந்து அழுதவர், இங்கே அந்தச் சுற்றமாகவே தான் மாறி உட்கார்ந்திருக்கிறார். பயம் மட்டும் போகவில்லை.

தினத்தொடரில் இதைச் செய்வது எளிதல்ல. திங்கள் முதல் சனி வரை இரவு ஒன்பதரை மணிக்கு ஒளிபரப்பான தொடர் அது. ஒத்திகைக்கு நேரமில்லாத வேகத்தில் படப்பிடிப்பு, பிறகு தனியாகக் குரல் பதிவு. தொடர்களில் பலருக்கு வேறொருவர் குரல் கொடுக்கிற வழக்கம் உண்டு. மாரிமுத்து தானே பேசினார். வரிகளுக்கு இடையே அவர் விடுகிற இழுப்புகளையும் செருமல்களையும் முனகல்களையும் எடுத்துவிட்டால் குணசேகரனே இல்லை. சீன் பேப்பரில் இருந்திருக்க முடியாத ஒலிகள் அவை. வருசநாட்டுப் பக்கத்துப் பெரியவர்கள் திண்ணையில் பேச்சைத் தொடங்கும்முன் எழுப்புகிற ஒலிகள்.

இங்கே ஒரு சங்கடத்தையும் பேசியாக வேண்டும். பெண்களை நசுக்குகிற மனிதன் குணசேகரன். அவனை மக்கள் கொண்டாடினார்கள். மீம்கள் குவிந்தன. பெண்களின் எதிர்ப்பைச் சொல்ல வந்த தொடரில் எதிரிக்குத்தான் கைதட்டல் அதிகம் கிடைத்தது. உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் இதற்கு முன்னோடி உண்டு. 1971இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற இனவெறி பிடித்த குடும்பத் தலைவனாகக் கரோல் ஓ’கானர் நடித்தார். வெறுப்பைக் கேலி செய்வதுதான் தொடரின் நோக்கம். 1974இல் நீல் விட்மர், மில்டன் ரொக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் ஆய்வு செய்து, ஏற்கெனவே காழ்ப்பு மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகவே பார்த்தார்கள் என்று காட்டினார்கள். கேலி அவர்களைத் தொடவே இல்லை.

குணசேகரன் விஷயத்திலும் அது ஓரளவு நடந்தது என்பதை மறுக்க முடியாது. சில வீடுகளில் ஆண்கள் அவர் வசனத்தையே மனைவியிடம் திருப்பிச் சொல்லியிருப்பார்கள். ஆனால் பழியை நடிகர் மேல் போடுவது சரியில்லை. தட்டையான வில்லனாக நடித்திருந்தால் பார்க்கிற ஆண் ஒவ்வொருவனும் ‘நான் இப்படி இல்லை’ என்று நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பான். பெண்கள் சொன்னது வேறு. எங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித்தான் என்றார்கள். மாமனாரையோ அண்ணனையோ பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட முடியாத பெண்ணுக்குக் குணசேகரனைத் திட்டுவது சாத்தியமாயிற்று. இதை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை.

திரைக்கு வெளியே மாரிமுத்து அந்தப் பாத்திரத்துக்கு நேர் எதிரான கருத்துள்ளவர். 2023இல் ஜீ தமிழின் ‘தமிழா தமிழா’ விவாத நிகழ்ச்சியில் சோதிடர்களுக்கு எதிரே உட்கார்ந்து பகுத்தறிவின் பக்கம் நின்று வாதாடினார். அது பெரிதாகப் பேசப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்தபோது, அந்த வாதத்துக்கும் மரணத்துக்கும் முடிச்சுப் போட்டுச் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். அறுபதை எட்டாத ஒருவரின் மாரடைப்பைத் தெய்வ தண்டனையாக்கி மகிழ்ந்த அந்தப் பதிவுகளை இரக்கமற்றவை என்றே சொல்வேன்.

மறைவுக்குப் பிறகு வந்த படங்களில் ஷங்கரின் ‘இந்தியன் 2’ (2024) முக்கியமானது. தொடர் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு அதிகம் தேவையான செய்தி. 2023 அக்டோபரில் குணசேகரனாக வேல. ராமமூர்த்தி வந்தார். பெருநாழிக்காரர், ‘குற்றப் பரம்பரை’ எழுதிய நாவலாசிரியர், ‘மதயானைக் கூட்டம்’, ‘கிடாரி’ படங்களில் தம் முகத்தின் கனத்தாலேயே காட்சியை நிறுத்தியவர். தென்மாவட்டப் பேச்சிலும் அதிகாரத்தின் இலக்கணத்திலும் அவருக்குப் பாடம் வேண்டியதில்லை. ஆனால் அவர் உள்ளே நுழைந்ததும் கூடத்தின் காற்றே மாறிவிட்டது. அவர் பேசாமல் பார்த்தாலே போதும், எதிரில் இருப்பவர்கள் ஒடுங்குவார்கள். அவருடைய குணசேகரன் அஞ்சத்தக்கவர். மாரிமுத்துவின் குணசேகரன் அஞ்சுகிறவராகவும் இருந்தார். ஒரே உடை, ஒரே நாற்காலி, ஒரே மருமகள்கள் இருந்தும் கதையின் பகை வேறு வடிவம் எடுத்தது: முன்பு மருமகள்கள் அவர் பேச்சின் ஓட்டைகளைத் தேடினார்கள், இப்போது அவர் பார்வையிலிருந்து தப்பிக்கப் பார்த்தார்கள். 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோதும் குணசேகரனாக வேல. ராமமூர்த்தியே தொடர்ந்தார்.